ஒரே நாளில் இரு பழம்பட்டணங்கள்: கெண்டும் புரூஜும் வியாபாரிகளுக்குக் கூறும் பாடம்

பூமியில் பிரயாணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோரின் முடிவு எவ்வாறாயிற்று எனக் கவனிக்கும்படி திருமறை நம்மைப் பல இடங்களில் ஏவுகின்றது. நம் முன்னோர் இக்கட்டளையைப் பாய்மரக் கப்பலேறி நிறைவேற்றினர். இன்று நம் சகோதரர்களில் பலர் பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் ஆகாய விமானமேறி ஐரோப்பா சென்று வருகின்றனர். அவர்களில் பெல்ஜிய தேசத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் தங்குவோர், கெண்ட், புரூஜ் என்னும் இரு பழம்பட்டணங்களையும் வழிகாட்டியுடன் ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது வழக்கம்.

போய் வந்தவர்களைக் கேட்டால், கால்வாய் அழகு, அன்னங்கள் அழகு, சாக்லேட் ருசி என்கின்றனர். உண்மைதான். ஆனால் ஒரு வியாபாரி அவ்வளவோடு திரும்பினால், முதல் போட்டுவிட்டு லாபத்தைக் கடையிலேயே மறந்து வந்தவனாவான். இவ்விரு பட்டணங்களையும் வளர்த்தது வியாபாரம். வியாபாரம் வந்தபோது உயர்ந்தன. அது போனபோது வீழ்ந்தன. அது ஏன் வந்தது, ஏன் போயிற்று என்பதையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

பிரயாண ஒழுங்கு

பிரஸ்ஸல்ஸிலிருந்து கெண்ட் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கிருந்து புரூஜ் இன்னும் 50 கிலோமீட்டருக்குள். பேருந்து காலையில் புறப்பட்டு, முற்பகல் கெண்டிலும் பிற்பகல் புரூஜிலும் கழித்து, மாலையில் திரும்பும். வழிகாட்டியின்றிச் செல்ல விரும்புவோருக்கு ரயிலும் உண்டு. பிரஸ்ஸல்ஸிலிருந்து புரூஜுக்கு ஒரு மணி நேரமே.

இரு ஊர்களிலும் கல் பாவிய தெருக்களில் நடந்துதான் பார்க்க வேண்டும். முதியவர்களுக்கு மெத்தென்ற காலணி அவசியம். புரூஜின் மணிக்கூண்டு 83 மீட்டர் உயரம், 366 படிகள், படிவழி குறுகலானது. மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே நின்று பார்ப்பது நலம்.

தொழுகை நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். டிசம்பரில் அங்கே மாலை நாலே முக்கால் மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ளுஹரும் அஸரும் பிரயாணத்தின் நடுவிலேயே நெருங்கி வரும். ஜூனிலோ இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். பிரயாணி தொழுகையைச் சுருக்குவதிலும் சேர்ப்பதிலும் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வித்தியாசம் உண்டாதலால், புறப்படுமுன் ஆலிமிடம் கேட்டுத் தெளிக.

சாப்பாட்டுக்குக் கெண்ட் வசதியானது. அங்கே துருக்கியச் சகோதரர்கள் பலர் குடியேறியிருக்கின்றனர், பள்ளிவாசல்கள் உண்டு, ஸ்லேப்ஸ்திராத் என்னும் தெருவில் அவர்களுடைய உணவுக்கடைகள் வரிசையாக உள்ளன. சில பிரயாணச் சீட்டுகளில் பீர் ருசி பார்ப்பதும் சேர்ந்திருக்கும். அத்தகையதைத் தவிர்த்து வேறு சீட்டு வாங்குக. சாக்லேட் வாங்கும்போது உள்ளே மது கலந்ததா என்று கேட்டே வாங்குக.

கெண்ட்: நெசவாளர் பட்டணம்

லெய், ஸ்கெல்ட் என்னும் இரு நதிகள் கூடுமிடத்தில் கெண்ட் அமைந்துள்ளது. 14ஆம் நூற்றாண்டில் அறுபதினாயிரம் ஜனங்களுக்கு மேல் அங்கே வாழ்ந்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே பாரிஸுக்கு அடுத்த பெரும் பட்டணம் அதுவே என்பது அவர்கள் கருத்து. கம்பளித் துணி நெசவே அதன் ஜீவாதாரம்.

வழிகாட்டி முதலில் கிராவன்ஸ்டீன் என்னும் கற்கோட்டையைக் காட்டுவார். 1180இல் ஃபிளாண்டர்ஸ் கோமகன் பிலிப் கட்டியது. இவர் சிலுவைப் போருக்குச் சென்று, சுல்தான் சலாஹுத்தீன் காலத்தில் நடந்த அக்கா நகர முற்றுகையின்போது 1191இல் அங்கேயே இறந்தார். கோமகன் வாளுடன் கிழக்கே போனார். கிழக்கின் மிளகோ யுத்தங்களையும் தாண்டி, மூட்டை மூட்டையாக மேற்கே வந்துகொண்டிருந்தது. மலபாரில் ஏற்றிய மிளகை முஸ்லிம் வியாபாரிகள் செங்கடல் வழியே எகிப்துக்குக் கொண்டுவந்தனர். அலெக்ஸாந்திரியாவில் அதை வெனிஸ் நகரத்தார் வாங்கினர். அவர்கள் வழியாக அது ஃபிளாண்டர்ஸ் அடுப்பங்கரைக்கும் போய்ச் சேர்ந்தது.

கோட்டையிலிருந்து சிறிது தூரத்தில் நதிக்கரையில் கிராஸ்லெய் என்னும் துறை உண்டு. அங்கே 1200ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட தானியக் கிட்டங்கி ஒன்று இன்றும் நிற்கின்றது. பக்கத்தில் தானியம் அளப்போரின் வீடும், படகோட்டிகளின் சங்கக் கட்டடமும், சுங்கம் வசூலித்த சிறு வீடும் உள்ளன. நதி வழியே வரும் தானியப் படகுகள் கெண்டில் நின்று, ஒரு பங்கை அங்கே இறக்கி விற்ற பிறகே மேலே செல்லலாம் என்ற உரிமை அவ்வூருக்கு இருந்தது. இதனால் பஞ்ச காலத்திலும் ஊர் பிழைத்தது.

ஆனால் துணிக்கு வேண்டிய நல்ல கம்பளி முழுவதும் இங்கிலாந்திலிருந்து வர வேண்டியிருந்தது. 1336இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்ட், பிரான்ஸுடன் கொண்ட பகையினால் கம்பளி ஏற்றுமதியைத் தடுத்தார். கெண்டின் தறிகள் நின்றன. வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அப்போது யாகோப் வான் ஆர்ட்டவெல்ட என்னும் வியாபாரி 1338இல் தலைமையேற்று, இங்கிலாந்துடன் பேசிக் கம்பளியை வரவழைத்தார். ஊரார் அவரைக் கொண்டாடினர். அவ்வூராரே 1345இல் அவரைக் கொன்றனர். வெள்ளிக்கிழமைச் சந்தைச் சதுக்கத்தில் அவருடைய சிலையைக் காணலாம். ஒரே சரக்கை ஒரே இடத்திலிருந்து வாங்கிப் பிழைக்கும் வியாபாரியின் கழுத்து அடுத்தவன் கையில் இருக்கின்றது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கெண்டின் மணிக்கூண்டு 91 மீட்டர் உயரம். உச்சியில் ஒரு பறவைநாகம் காவல் நிற்கும். அதன் கீழறையில், பல பூட்டுகள் போட்ட பெட்டகத்தில், ஊரின் உரிமைப் பத்திரங்களை வைத்திருந்தனர். ஆயினும் பூட்டு காக்கவில்லை. இவ்வூரிலேயே 1500இல் பிறந்த சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் யுத்தச் செலவுக்கு வரி கேட்டார், ஊர் மறுத்தது, 1539இல் கலகம் மூண்டது. மறு வருஷம் அவர் படையுடன் வந்து உரிமைகளைப் பறித்தார். ஊர்ப் பெரியோர்கள் வெறுங்காலுடன், கழுத்தில் தூக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டு, அவர் முன் வந்து மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இன்றும் கெண்ட் மக்கள் தம்மைக் கயிறு சுமப்போர் என்று சொல்லிக்கொள்கின்றனர். அவமானத்தை மறைக்காமல் பெருமையாக மாற்றிக்கொண்ட ஜனங்கள் அவர்கள்.

புரூஜ்: அந்நியர்களை வரவேற்ற பட்டணம்

கெண்டின் பலம் தறியில் இருந்தது. புரூஜின் பலம் விருந்தோம்பலில் இருந்தது. 1134இல் வீசிய பெரும்புயல் கடலோரத்தை அரித்து, ஸ்விண் என்னும் உப்பங்கழியை ஆழமாக்கியது. அக்கழியின் வழியே கப்பல்கள் ஊருக்கு அருகே தாம என்னும் துறை வரை வந்தன. அங்கிருந்து சிறு படகுகளில் சரக்கு ஊருக்குள் வந்தது. 1277இல் இத்தாலியின் ஜெனோவாக் கப்பல் முதன்முதலாகக் கடல் வழியே வந்தது; பின்னர் வெனிஸ் நகரத்தார் வந்தனர். வடக்கிலிருந்து ஜெர்மானியரின் ஹன்ஸா சங்கத்தார் மீன், மெழுகு, தோல் மயிர் கொண்டுவந்தனர். இங்கிலாந்து, ஸ்பெயின், போர்த்துகல் வியாபாரிகளும் தத்தம் வீடுகளை அமைத்துக்கொண்டனர்.

அந்நிய வியாபாரி எங்கே தங்குவான்? அதற்காகவே அங்கே விடுதிக்காரர்கள் இருந்தனர். மேலே படுக்க அறை, கீழே சரக்கு வைக்க நிலவறை. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நம் பெரியோர்கள் கிட்டங்கி என்று அழைத்தார்களே, ஏறத்தாழ அதே அமைப்பு. விடுதிக்காரர் தரகரை ஏற்பாடு செய்வார். விருந்தாளியின் பணத்தை வைத்திருப்பார். அவருடைய கடனுக்கு ஜாமீனும் நிற்பார். ஊர் பேர் தெரியாத ஒருவனுக்குச் சரக்கைக் கடன் கொடுக்க உள்ளூரார் துணிந்தது, விடுதிக்காரரின் வார்த்தையை நம்பியே.

அத்தகைய விடுதிக் குடும்பங்களில் ஒன்றின் பெயர் வான் டெர் பர்ஸ. அவர்கள் விடுதியின் முன்னிருந்த சதுக்கத்தில் இத்தாலிய வியாபாரிகள் கூடி உண்டியல் விலை பேசினர். அந்தச் சதுக்கத்தின் பெயரே பிறகு வியாபாரிகள் கூடும் இடத்துக்கெல்லாம் பெயராயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கூறுவர். கோலாலம்பூரில் பங்குச் சந்தைக்குப் பர்சா மலேசியா என்று பெயர் வழங்குகின்றதே, அந்தப் பர்சா என்ற சொல்லின் பூர்வீகம் இதுதான். அவ்வீடு இன்றும் உண்டு. வழிகாட்டி தாமாகக் காட்டாவிட்டால் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம்மில் நாணயமாற்றுத் தொழில் செய்யும் சகோதரர்கள் இன்னொன்றும் அறிய வேண்டும். புரூஜின் காசு மாற்றுவோர் வெறும் காசு மாற்றியதோடு நிற்கவில்லை. பிறர் பணத்தை வாங்கி வைத்து, ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்குப் பேரேட்டிலேயே மாற்றிக் கொடுத்தனர். கொலார் த மார்க் என்பவர் 1366 முதல் எழுதிய பேரேடுகள் இன்றும் உள்ளன. பிறர் பணத்தைத் துணிகரமாகத் தம் தொழிலில் போட்டவர்கள் சிலர் முறிந்தும் போயினர். கடனை எழுதி வைப்பதும் சாட்சி வைப்பதும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நமக்கு இட்ட கட்டளை என்பதை இங்கே நினைவுகூர்க.

ஊரிலுள்ள சைமன் ஸ்டெவின் சிலையையும் பார்க்க வேண்டும். 1548இல் புரூஜில் பிறந்த இவர், 1585இல் தசம பின்னக் கணக்கை எளிய ஜனங்களுக்குப் புரியும்படி எழுதிப் பரப்பினார். தசம பின்னத்தை அவருக்கு நெடுங்காலம் முன்பே டமாஸ்கஸில் அல்உக்லீதிசியும், சமர்கந்தில் அல்காஷியும் கையாண்டிருந்தனர். நம்மவர் கண்டதை அவர்கள் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தனர்.

தராசு கோணியபோது

இனி இப்பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருவோம். 1280இல் ஹன்ஸா வியாபாரிகளும் வேறு அந்நியரும் புரூஜை விட்டுப் புறப்பட்டு, அருகிலிருந்த ஆர்டன்பர்க் என்னும் சிற்றூருக்குத் தங்கள் வியாபாரத்தை மாற்றினர். புரூஜில் சரக்கு நிறுக்கும் முறையைப் பற்றிய மனக்குறை அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கத்தி எடுக்கவில்லை, கலகம் செய்யவில்லை, மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்கள், அவ்வளவே. புரூஜ் உடனே விழித்துக்கொண்டது. நிறுவைக்கு ஒழுங்கு ஏற்படுத்தி, 1282இல் அவர்களைத் திரும்ப அழைத்தது. 1358இல் மீண்டும் மனக்குறை ஏற்பட்டு ஹன்ஸா வியாபாரிகள் டோர்ட்ரெக்ட் நகருக்குச் சென்றனர். 1360இல் சலுகைகள் பெற்றுத் திரும்பினர்.

எடையிலும் அளவிலும் குறைப்போரைக் கண்டித்துத் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. மத்யன் வாசிகளுக்கு ஷுஐபு நபி (அலை) அவர்கள் செய்த உபதேசமும் தராசைப் பற்றியதே. அதை ஓதாத புரூஜ் நகரத்தார் வயிற்றுப்பாட்டின் மூலம் அதே உண்மையைக் கற்றனர். தராசு கோணினால் வாடிக்கைக்காரர் வழக்கும் பேச மாட்டார், வராமலே இருந்துவிடுவார்.

சேறும் சச்சரவும்

15ஆம் நூற்றாண்டில் ஸ்விண் கழியில் மணலும் சேறும் ஏறிப் பெரிய கப்பல்கள் வருவது குறைந்தது. புரூஜ் வீழ்ந்ததற்கு இச்சேறே காரணம் என்று வழிகாட்டிகள் பலரும் சொல்வர். அது பாதிக் காரணமே. கழியைப் பலமுறை தோண்டிப் பார்த்தனர். துறைமுகம் தூர்ந்தாலும் வியாபாரிகள் பல காலம் ஊரை விடவில்லை. தூரத்தில் சரக்கை இறக்கி, படகில் கொண்டுவந்தனர். நம்பிக்கை இருந்தவரை தூரம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

பிறகு நிகழ்ந்தது வேறு. 1488இல் புரூஜ் ஜனங்கள் தங்கள் ஆட்சியாளர் மாக்ஸிமிலியனைப் பிடித்து, சந்தைச் சதுக்கத்திலுள்ள கிரானன்பர்க் என்னும் வீட்டில் சிறை வைத்தனர். அவருடைய அதிகாரியைக் கொன்றனர். விடுதலையான மாக்ஸிமிலியன், அந்நிய வியாபாரிகள் யாவரும் அன்ட்வெர்ப் நகருக்குப் போக வேண்டும் என உத்தரவிட்டார். அன்ட்வெர்ப்போ முன்பே தயாராக இருந்தது. புரூஜில் தரகரின்றி அந்நியர் வியாபாரம் செய்வதற்குத் தடைகள் அதிகம். அன்ட்வெர்ப் சந்தையில் தடைகள் குறைவு. 1501இல் போர்த்துகீசியரின் மிளகுக் கப்பல் அன்ட்வெர்ப்பில் வந்து நின்றது. அதே போர்த்துகீசியர் பத்து வருஷத்துக்குப் பின் 1511இல் மலாக்காவைப் பிடித்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

புரூஜ் வறுமையுற்றது. 19ஆம் நூற்றாண்டில் அது பெல்ஜியத்தின் மிக ஏழ்மையான பட்டணங்களில் ஒன்று. பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்டப் பணமில்லாததால் அவை அப்படியே நின்றன. 1892இல் வெளியான ஒரு பிரெஞ்சு நாவல் அதைச் செத்த பட்டணம் என்றே வருணித்தது. அதைப் படித்தவர்கள் பார்க்க வந்தனர். 2000இல் ஊரின் பழைய பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. 1907இல் கடலோரத்தில் சேபுருக என்னும் புதுத் துறைமுகம் திறந்தனர். 2022இல் அது தன் பழைய போட்டியாளரான அன்ட்வெர்ப் துறைமுகத்துடன் ஒன்றாக இணைந்தது.

கெண்ட் எழுந்த விதம் வேறு. 1800ஐ ஒட்டி லீவன் பாவன்ஸ் என்பவர் இங்கிலாந்திலிருந்து பஞ்சு நூற்கும் யந்திரத்தைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்து ஆலை வைத்தார். அவ்வழியை நாம் புகழ மாட்டோம். ஆயினும் பழைய தொழில் போனபின் புதிய தொழிலைக் கற்றுக்கொண்ட ஊர் அது. 1817இல் பல்கலைக்கழகம் ஏற்பட்டது; 1827இல் கடலுக்குக் கால்வாய் திறந்தனர்.

நமக்கு இதில் என்ன?

புரூஜின் கதை நமக்குப் புதிதன்று. ஜெனோவாக் கப்பல் புரூஜுக்கு வந்த அதே 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மார்க்கோ போலோ நம் பாண்டி நாட்டுக் காயல் துறையைக் கண்டு, அரபுக் குதிரைகள் இறங்கும் பெரும்பட்டணம் என எழுதினார். தாமிரபரணியின் மணல் ஏறி, பழைய காயல் கடலை விட்டு உள்ளே தள்ளிப் போயிற்று. துறை தூர்ந்தது; நம்மவரின் வியாபாரம் தூரவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை என வேறு துறைகளிலிருந்து கப்பலேறி மலாக்காவுக்கும் பினாங்குக்கும் வந்தனர்.

மலாக்கா சுல்தான்களும் புரூஜைப் போலவே அந்நியரை ஆதரித்தனர். நான்கு ஷாபந்தர்களை நியமித்து, ஒவ்வொரு தேசத்து வியாபாரிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கியிருந்தனர். சோழமண்டலத்தாருக்கும் வங்காளம், பெகு, பாசாய் வியாபாரிகளுக்கும் சேர்த்து அவர்களில் ஒருவர் இருந்தார். வந்தவனுக்குக் கிட்டங்கி கிடைத்தது. வழக்குக்கு நியாயம் கிடைத்தது.

மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. சூலியா தெருவுக்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கும் இப்போது வழிகாட்டிகள் பிற தேசத்தாரை அழைத்து வருகின்றனர். சந்தோஷமே. ஆனால் புரூஜைப் பார்த்தவர் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. அங்கே கட்டடம் பிழைத்தது. அதைக் கட்டிய வியாபாரியின் தொழில் பிழைக்கவில்லை. நம் தெருக்களில் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சுமா, அல்லது பெயருக்குரியவர்களின் பிள்ளைகளும் கடையில் அமர்ந்திருப்பார்களா? சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க அரசாங்கம் உதவலாம். கல்லாவில் உட்காரப் பிள்ளையைத் தயார் செய்வது தகப்பனின் வேலை. கெண்டைப் போல் புதுத் தொழிலைக் கற்றுத் தருவது சங்கத்தின் வேலை.

நம் தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இரண்டாவது இருக்குமிடத்தில் முதலாவது வந்து தங்கும் என்பதைக் கெண்டும் புரூஜும் காட்டுகின்றன. நாயகம் (ஸல்) அவர்களை மக்கத்தார் அல்அமீன் என்று அழைத்தனர். ஹிஜ்ரத்தின்போது தம்மைக் கொல்லத் துணிந்தோரின் அமானிதங்களையும் உரியவரிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். அந்த உம்மத்தில் பிறந்த நாம், தரகு வாங்கி ஜாமீன் நின்ற புரூஜ் விடுதிக்காரரைவிட மேலானவர்களாக அன்றோ இருக்க வேண்டும்?

வாராந்தரக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் கடைக்குச் சரக்கு எத்தனை இடங்களிலிருந்து வருகின்றது? அவற்றில் ஒன்று நின்றால் எத்தனை நாள் தாங்குவோம்?

2. ஊரிலிருந்து புதிதாக வரும் வாலிபனுக்கு ஜாமீன் நிற்க நம் சங்கம் என்ன ஏற்பாடு செய்திருக்கின்றது?

3. சொல்லாமல் நின்றுபோன வாடிக்கைக்காரர்கள் யார் யார்? அவர்கள் ஏன் நின்றனர் என்று விசாரித்தோமா?

4. நம் பழைய பேரேடுகளும் பத்திரங்களும் யாரிடம் உள்ளன? அவற்றைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினோமா?

வல்ல அல்லாஹ் நம் தராசை நேராக்கி, நம் வியாபாரத்தில் பரக்கத்தை அருளி, நம் மக்களை நம்மிலும் சிறந்தோராக்குவானாக. ஆமீன்.